மிதிலைக் கல்யாண அறையின் சுவரோவியம்: முதல் கோஹ்பர் வரைய ஒரு வழிகாட்டி

மதுபனி ஓவியம் என்றால் மயில், மீன், ராதா கிருஷ்ணர். சேலை முந்தானையிலிருந்து காப்பிக் கோப்பை வரை இவைதான் கண்ணில் படுகின்றன. புதிதாகப் பழகுகிறவர்களும் இணையத்தில் கிடைக்கும் ஒரு மயிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். என் யோசனை வேறு. மதுபனி ஊர் இருக்கும் மிதிலைப் பகுதியில், மைதிலி மொழி பேசும் வீடுகளில் இந்த ஓவியம் எந்தக் காரியத்துக்காகப் பிறந்ததோ அங்கிருந்தே தொடங்குங்கள். புதுமணத் தம்பதி தங்கும் அறையின் சுவர்தான் அந்த இடம். அங்கே வரையும் படத்தின் பெயர் கோஹ்பர். அறையையும் கோஹ்பர் அறை என்றே சொல்வார்கள்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. வட்டம், தண்டு, இலை, மீன், கிளி, மனித முகம், தெய்வம் என்று பழக வேண்டிய எல்லாமே இந்த ஒரே படத்தில் வந்துவிடும். எது எங்கே வர வேண்டும் என்ற ஒழுங்கும் ஏற்கெனவே இருக்கிறது. வெற்றுத் தாளை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

வரையும் முன் அந்தக் கல்யாணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மிதிலை இன்று இரண்டு நாடுகளில் கிடக்கிறது. மதுபனி, தர்பங்கா, சீதாமடி, சமஸ்திபூர், சஹர்சா என்று வட பீகாரில் ஒரு பாதி. ஜனக்பூரைச் சுற்றி நேபாளத்தின் தராய் சமவெளியில் மறு பாதி. சீதையின் பிறந்த வீடு இதுதான் என்பது அந்த ஊரின் பெருமை. சீதையின் கல்யாணத்துக்கு ஜனகர் ஊர்ச் சுவர்களில் எல்லாம் படம் எழுதச் சொன்னார் என்று கதையும் சொல்வார்கள். ஆனால் ராமர் சீதை திருமண நாளான விவாக பஞ்சமியன்று மிதிலைக்காரர்கள் தங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வைப்பதில்லை. அந்த நாளில் கட்டிக்கொண்டு சீதை பட்ட பாடு போதும் என்கிறார்கள்.

மிதிலைக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். தாலிக்குப் பதில் சிந்தூரம். சடங்கு முடிந்தும் உடனே பெண்ணை அழைத்துப்போவதில்லை. பெண் வீட்டிலேயே கோஹ்பர் அறையில் தம்பதி தங்குவார்கள். நாலாம் நாள் சதுர்த்தி. அன்றைய சடங்கோடுதான் தாம்பத்தியம் தொடங்குகிறது. அதுவரை 'பித்கரி' என்ற உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கூடவே இருந்து, எதை எப்போது செய்ய வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிக்கொடுப்பார். கௌரி பூஜையும், 'மஹுவக்' என்று மணமக்கள் பாயசம் உண்ணும் சடங்கும் அந்தச் சுவரோவியத்தின் அருகிலேயே நடக்கும். சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பாடுவார்கள். இந்த அறைக்கென்றே கோஹ்பர் பாட்டுகள் தனியாக உண்டு.

ஆக, இந்தப் படம் பூஜைக்கு நடுவில் இருக்கும் பொருள். அழகு அதற்குப் பிறகுதான். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து வரைவார்கள். முதலில் ஒரு சுமங்கலி சுவரில் சிந்தூரப் பொட்டு வைத்துத் தொடங்குவார். குலதெய்வ அறை, கோஹ்பர் அறை, அதற்கு வெளியே உள்ள தாழ்வாரம் ஆகிய மூன்று இடங்களிலும் படம் எழுதும் வழக்கம் உண்டு. கைதேர்ந்த பாட்டி கோடு இழுக்க, சிறுமிகள் வண்ணம் நிரப்புவார்கள். அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டது இப்படித்தான்.

மண் சுவரில் இருந்ததால் வெளியுலகத்துக்கு இது நெடுங்காலம் தெரியவில்லை. 1934 ஜனவரி 15 அன்று வந்த பெரும் பூகம்பத்தில் வீடுகள் இடிந்து உள்சுவர்கள் வெளியே தெரிந்தன. சேதம் பார்க்கப் போன மதுபனி உட்கோட்ட அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவற்றைப் பார்த்துத் திகைத்து, படம் பிடித்து, 1949இல் 'மார்க்' என்ற கலை இதழில் கட்டுரை எழுதினார். தாளுக்கு வந்தது அதற்கும் பிறகு. 1966, 67இல் பீகாரில் கடும் வறட்சி. பெண்களுக்கு ஏதாவது வருமானம் வேண்டுமே என்று, புபுல் ஜெயகரின் ஏற்பாட்டில் அகில இந்தியக் கைவினை வாரியம் பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியைத் தாளும் கையுமாக அனுப்பியது. சுவரில் எழுதியதைத் தாளில் எழுதுங்கள், விற்றுத் தருகிறோம் என்றார்கள். ஜிதுவார்பூர், ராண்டி போன்ற ஊர்களின் பெயர் வெளியே வந்தது அப்போதுதான். அங்கிருந்து வந்த ஓவியர்களில் ஜகதம்பா தேவிக்கு 1975இலும் சீதா தேவிக்கு 1981இலும் கங்கா தேவிக்கு 1984இலும் பத்மஸ்ரீ கிடைத்தது.

வாங்க வேண்டியவை

அதிகம் இல்லை. 15 x 22 அங்குலத் தாள் ஒன்று. ஓவியர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 22 x 30 அங்குல முழுத் தாளில் பாதி இது. கையால் செய்த தாள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கொஞ்சம் சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் போதும். வழவழப்பான சார்ட் பேப்பர் வேண்டாம், மை படியாது.

கோட்டுக்கு, பழைய காலத்துப் பள்ளிக்கூடத் தொட்டெழுதும் நிப்புப் பேனாவும் தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு மையும். மதுபனியில் இன்றும் பலர் கையில் இந்த நிப்புதான். ஊரில் மூங்கில் குச்சியைச் சீவி நுனியில் பஞ்சு சுற்றியும் வரைவார்கள். குச்சி வண்ணம் நிரப்பவும் பட்டைக் கோட்டுக்கும் உதவும். கடையில் விற்கும் மெல்லிய முனை ஸ்கெட்ச் பேனாவில் கோடு சீராக வரும், ஆனால் உயிர் குறைவு. நிப்பில் அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். அந்த ஏற்ற இறக்கம்தான் இந்த ஓவியத்தின் ருசி.

தாளுக்குப் பழுப்பு நிறம் வேண்டுமானால் சாணப் பூச்சு. புதுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, துணியில் இறுத்து, அந்தத் தண்ணீரை அகலத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சு பூசிக் காயவைக்க வேண்டும். மண் சுவரின் சாயல் வந்துவிடும். காய்ந்ததும் வாடை போய்விடும். தாள் சுருண்டால் பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். அபார்ட்மெண்ட்டில் இருக்கிறவர்கள் தயங்கினால் நீர்த்த டீ டிகாஷன் பூசலாம். ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கோடு பழகுங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். இந்த ஓவியத்தில் எந்த உருவத்துக்கும் வெளிக்கோடு ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி. அந்தச் சந்தில் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள். மீனானாலும் மணப்பெண்ணின் முகமானாலும் இதே முறைதான்.

பழைய தாளில் முதலில் நீண்ட நேர்கோடுகள், அப்புறம் வளைவுகள், பிறகு இரட்டைக் கோட்டில் ஓர் இலை, ஒரு மீன். நிப்பை உங்கள் பக்கமாக இழுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் தாளைக் கீறி மை தெறிக்கும். கையைத் திருப்புவதைவிடத் தாளைத் திருப்புவது எளிது. வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக வந்தால் ஈர மையில் கை படாது.

வண்ணத்தையும் கோட்டையும் வைத்து இரண்டு பெரிய பாணிகள் பேசப்படுகின்றன. தடித்த வெளிக்கோட்டுக்குள் பளிச்சென்று வண்ணம் நிரப்புவது பர்னி. பிராமணப் பெண்களிடம் வளர்ந்தது. நிரப்ப வேண்டிய இடத்தையும் மெல்லிய கோடுகளாலேயே நிரப்புவது கச்னி. காயஸ்தப் பெண்களிடம் வளர்ந்தது. தலித் பெண்கள், குறிப்பாக துசாத் சமூகத்தினர், பச்சை குத்தும் உருவங்களிலிருந்து எடுத்து வளர்த்தது கோத்னா. அது வேறொரு உலகம், தனியாகப் படிக்க வேண்டியது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கச்னி, அதுவும் கறுப்பும் சிவப்பும் மட்டும். செலவு குறைவு, கோட்டின் குறை வண்ணத்துக்குள் ஒளிந்துகொள்ளாது என்பதால் கை சீக்கிரம் தேறும்.

தாளில் இடம் பிரித்தல்

தாளைச் செங்குத்தாக வையுங்கள். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு ஓரப்பட்டை. உள்ளே 13 x 20 அங்குலம் கிடைக்கும். ஊர்ப் பெண்கள் பென்சில் தொடாமலே வரைவார்கள். நீங்கள் வட்டங்களுக்கு மட்டும் மெல்லிய பென்சில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

நடுவில் 3 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம். அதைத் தொட்டுக்கொண்டு சுற்றிலும் அதே அளவில் ஆறு வட்டங்கள். ஒரே அளவு வட்டங்கள் என்றால் ஒன்றைச் சுற்றி ஆறுதான் கச்சிதமாக உட்காரும், கணக்கே போட வேண்டாம். ஆறில் ஒன்று நேர் மேலேயும் ஒன்று நேர் கீழேயும் இருக்கட்டும். மொத்தத் தொகுதி 9 அங்குல உயரமும் சுமார் 8.2 அங்குல அகலமும் வரும். மேலேயும் கீழேயும் ஐந்தரை அங்குலம், பக்கங்களில் சுமார் 2.4 அங்குலம் வீதம் மிஞ்சும். வட்டங்களின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். பழக்கத்துக்கு ஏழு நல்லது.

இவை தாமரை இலைகள். மைதிலியில் புரைன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இதழ்போல வளையங்களை அடுக்குங்கள். பிறகு கீழிருந்து மேல்வரை நடுவாக ஒரு தண்டு, இந்த வட்டக் கூட்டத்தை ஊடுருவிப் போகட்டும். தண்டின் உச்சியில் சில வீடுகளில் ஒரு பெண் முகம் வைப்பார்கள்.

அந்தத் தண்டைச் சிலர் தாமரைத் தண்டு என்பார்கள், சிலர் மூங்கில் என்பார்கள். மூங்கில் புதரைத் தனியாகப் பக்கத்தில் வரைவதும் உண்டு. பக்கத்தில் மிஞ்சிய இடம் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். மூங்கில் ஆண், தாமரை பெண், இரண்டும் கூடுவதுதான் கோஹ்பர் என்று ஆர்ச்சர் காலத்திலிருந்து எழுதிவருகிறார்கள். புத்தகங்களில் இந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வரும். அதோடு நிறுத்திக்கொண்டால் படம் ரொம்பச் சின்னதாகிவிடும். மூங்கில் ஒரு குருத்தில் தொடங்கிப் புதராகப் பெருகும். தாமரை ஒரு கிழங்கிலிருந்து குளம் முழுக்கப் படரும். குலம் தழைக்க வேண்டும் என்ற வாழ்த்தை இவற்றைவிடத் தெளிவாக எந்தச் செடி சொல்லும்?

உருவங்கள்: யாருக்கு எந்த இடம்

மேல் மூலைகளில் சூரியனும் சந்திரனும். இருவருக்கும் முகம் நேர்ப்பார்வை. மற்ற மனிதர், தெய்வம் எல்லோருக்கும் பெரும்பாலும் பக்கவாட்டு முகம், கூர்மையான மூக்கு, மீன் வடிவில் பெரிய கண். மேலே இடம் இருந்தால் நவகிரகங்களைச் சின்ன வட்டங்களாகவோ கட்டங்களாகவோ வைக்கலாம். சிவனும் பார்வதியும் வரலாம்.

கீழே ஐந்தரை அங்குலத்தில் மணமக்கள். மணப்பெண் கௌரியை வணங்கும் காட்சியை ஒரு பக்கம் வைத்து, அருகே யானை வரையுங்கள். மிதிலையில் கௌரி பூஜைக்கு மண் யானை வைப்பது வழக்கம். மறுபக்கம் பல்லக்கும் தூக்கிகளும், அல்லது மணமக்கள் உட்காரும் பாய். கட்டம் கட்டமாகப் பின்னிய அந்தப் பாய் வரையச் சுலபம், பார்க்கவும் அழகு.

மிச்ச இடத்தில் உயிர்கள். கிளிகள் ஜோடியாக, காதலுக்கு அவை. மீன், ஆமை, நண்டு போன்ற நீர்வாழ்வன வட்டங்களுக்கு அருகில், ஏனென்றால் அது குளம். மீன் பிள்ளைப்பேறுக்கு, ஆமை நீண்ட ஆயுளுக்கு. பாம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கல்யாணப் படத்தில் பாம்பா என்று விட்டுவிடவும் வேண்டாம். கல்யாணமான முதல் வருடம் சாவன் என்ற மழைக்கால மாதத்தில் புதுப்பெண் மதுஸ்ராவணி நோன்பு இருந்து நாகங்களையும் கௌரியையும் வணங்குவாள். மழைக்காலத்தில் வெள்ளம் சூழும் ஊரில் பாம்பை மறந்துவிட்டு வாழ முடியாது.

ஒருத்தியை மட்டும் நீங்கள் தாளில் வரைய வேண்டியதில்லை. நைனா ஜோகின் என்ற அவளைக் கோஹ்பர் அறையின் நான்கு மூலைகளிலும் எழுதுவார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். தம்பதிமேல் கண் பட்டுவிடாமல் காவல் காப்பது அவள் வேலை. அவள் அறைக்கு உரியவள். ஒற்றைத் தாளில் நான்கு முறை வரைந்தால் படம் திணறிவிடும்.

ராதா கிருஷ்ணரையும் நடனமாடும் மயிலையும் நடுவில் வைத்து, ஓரத்தில் நாலு தாமரை வரைந்துவிட்டு 'கோஹ்பர்' என்று விற்பதைப் பார்க்கலாம். நல்ல அலங்காரப் படமாக இருக்கலாம். கோஹ்பர் ஆகாது.

வண்ணமும் நிரப்பலும்

மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் வண்ணம். கச்னிக்குச் சிவப்பு மையும் இன்னொரு நிப்பும் போதும்: தாமரை இதழ்களைச் சிவப்புக் கோடுகளால், தண்டையும் மூங்கிலையும் கறுப்பால். கோடுகளை நெருக்கினால் அடர்த்தி, விலக்கினால் வெளிச்சம். அதைத் தாண்டி நிழலோ வெளிச்சமோ இதில் கிடையாது. பர்னி முயல்கிறவர்கள் போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக்கைத் தட்டையாக நிரப்புங்கள். ஒரு நிறத்தை இன்னொன்றோடு கரைத்துக் கலக்காதீர்கள்.

இயற்கை வண்ணம் செய்து பார்க்க ஆசை இருந்தால் எளிதில் தொடங்கக்கூடியது கறுப்பு. விளக்குப் புகையை மண் தட்டில் பிடித்து, அந்தக் கரியைக் கருவேலம் பிசின் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டும். பிசினை முதல் நாள் இரவே ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்; பிசின் இல்லாமல் எந்த நிறமும் தாளில் ஒட்டாது. ஊரில் ஆட்டுப்பாலும் சேர்ப்பார்கள். சிவப்புக்குக் குசும்பப்பூ, நீலத்துக்கு அவுரி, பச்சைக்கு அவரை இலைச் சாறு, ஆரஞ்சுக்குப் புரசம்பூ, வெள்ளைக்கு அரிசி மாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தான். ஒரு எச்சரிக்கை: மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவந்துபோகும். சுவரோவியத்துக்கு அது பிரச்சினை இல்லை, அடுத்த விசேஷத்துக்குச் சுவரை மெழுகி வேறு படம் எழுதிவிடுவார்கள். சட்டம் போட்டு மாட்டப்போகும் தாளுக்கு யோசித்துச் செய்யுங்கள்.

இறுதியில் வெற்றிடம். இந்த ஓவியம் காலி இடத்தைப் பொறுத்துக்கொள்ளாது. உருவங்களுக்கு நடுவே பூ, இலை, புள்ளி, சின்னப் பறவை. எல்லா இடத்தையும் ஒரே பூவால் அடைக்காதீர்கள், கண் களைத்துவிடும். ஓரப்பட்டையில் இலைக்கொடியோ முக்கோண வரிசையோ ஓடட்டும். மனித உருவங்களின் கண்மணியைக் கடைசியாக வையுங்கள். மரபு ஒருபுறம், வேலை நடக்கும்போது கை பட்டுக் கலைந்தால் முகமே கெட்டுவிடும் என்பது இன்னொருபுறம்.

தரையில் அரிபன்

சுவருக்குக் கோஹ்பர் என்றால் தரைக்கு அரிபன். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை நீர்க்கக் கரைத்து, விரல்நுனியில் தொட்டு இழுப்பார்கள். நம் மாக்கோலம் போட்ட கைக்கு இது புதிதல்ல. புள்ளி வைக்காமல் நடுவிலிருந்து வெளியே விரித்துக்கொண்டு போவார்கள் என்பதுதான் பழக வேண்டியது. வரைந்து முடித்ததும் சிந்தூரப் பொட்டுகள். மணமக்கள் உட்காரும் இடம், கலசம் வைக்கும் இடம் ஆகியவற்றுக்கு அரிபன் இல்லாமல் சடங்கு நடக்காது. மாவு கையில் இருக்கும்போது வீட்டு வாசலிலேயே ஒரு தாமரை முயன்று பார்க்கலாம். தாளைவிடத் தரை தாராளமாக இடம் தரும், தவறினால் துடைத்துவிடலாம்.

பரிசளிக்க, பார்க்க, வாங்க

கல்யாணப் பரிசாகக் கொடுக்க கோஹ்பர் நல்ல தேர்வு. மிதிலையிலேயே, கல்யாணத்துக்கான சிந்தூரத்தைப் படம் எழுதிய தாளில் மடித்து அனுப்பும் வழக்கம் இருந்தது. பரிசுக்கு வரையும்போது உங்கள் பெயரைப் பின்பக்கம் எழுதுங்கள். படுக்கையறையில் மாட்டச் சொல்லுங்கள், நேர் வெயில் படாத சுவரில்.

நல்ல கோஹ்பர்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்க, முதலில் கங்கா தேவியின் வேலைகளைத் தேடுங்கள். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தபடியே ஓர் அறை முழுக்க அவர் கோஹ்பர் எழுதினார். 1991இல் காலமானார். புதுப்பிப்பு வேலையில் அந்தச் சுவர்கள் பின்னர் இடிக்கப்பட்டன. இப்போது புகைப்படங்கள்தான் மிச்சம். மிதிலை ஓவியர் கோதாவரி தத்தாவின் கோடும் பார்க்க வேண்டியது. ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், தோகாமச்சியில் மிதிலை ஓவியத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நேரில் போக முடிந்தால் தர்பங்கா வரை விமானம், அங்கிருந்து சாலை வழியாக மதுபனி. ஜிதுவார்பூரும் ராண்டியும் ஊருக்கு அருகிலேயே இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் ஜனக்பூரில் பெண்கள் நடத்தும் ஓவிய மையம் ஒன்று 1989 முதல் இயங்குகிறது. அங்கே லோக்தா என்ற நேபாளத்துக் கைத்தாளில் வரைகிறார்கள்.

மதுபனி ஓவியத்துக்கு 2007இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் அச்சடித்ததைக் கைவேலை என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் வெளிக்கோட்டின் சந்தில் இருக்கும் குறுக்குக் கோடுகளைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நிப்பால் இழுத்தது என்றால் தொடக்கத்தில் மை கொஞ்சம் கூடி, முடிவில் மெலிந்திருக்கும். இரண்டு கோடுகள் ஒன்றுபோல் இருக்காது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் நிப்பின் தடமும் தெரியும். எல்லாம் ஒரே தடிமனில், ஓரம் பொடிப் பொடிப் புள்ளிகளாக உடைந்து தெரிந்தால் அது பிரிண்டர் வேலை. அதற்கேற்ற விலை கொடுங்கள்.